மூளை ஒரு கணிப்பொறியா?

மனிதன் தன் உள்ளே நிகழ்வதை அறிய விரும்பிய காலந்தோறும், தன் கையால் செய்த கருவி ஒன்றையே உவமையாகக் கொண்டிருக்கிறான். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் டெக்கார்ட், நரம்புகளை அரண்மனைத் தோட்டத்து நீரூற்றுக் குழாய்களுக்கு ஒப்பிட்டார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மூளையைத் தொலைபேசி இணைப்பகம் என்றனர். ஆங்கில நாட்டு உடலியல் அறிஞர் ஷெரிங்டன் அதனை ஒரு மாயத் தறியாகக் கண்டார். குழாயும் இணைப்பகமும் தறியும் விலகிய இடத்தில் இன்று கணிப்பொறி வந்து அமர்ந்திருக்கிறது. "மண்டையில் ஏறவில்லை" என்று சொல்லிவந்த மாணவர், இப்போது "மெமரி நிறைந்துவிட்டது ஐயா" என்கிறார்.

நான் தமிழ் படித்தவன். மருத்துவமோ கணிப்பொறியியலோ முறையாகக் கற்றவன் அல்லன். எனினும் உவமை என்று ஒன்று வரும்போது அதனை ஆராயும் உரிமை தமிழ் மாணவனுக்கு உண்டு. தொல்காப்பியர் உவமைக்கு இடமாகும் ஒப்புமைகளை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுத்தார். தொழில், விளையும் நன்மை, வடிவு, நிறம் என்று அவற்றை எளிமையாகப் பொருள் கொள்ளலாம். மூளைக்குக் கணிப்பொறி எவ்வகையில் உவமையாகும்? எங்கே அவ்வுவமை பொருந்தாமல் நழுவுகிறது? இவ்வினாவை வெறும் அறிவு விளையாட்டாக என்னால் கருத இயலவில்லை. அதற்குரிய காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

பெயர் மாறிய வரலாறு

கம்ப்யூட்டர் என்ற சொல் முதலில் எந்திரத்தின் பெயர் அன்று. அது மனிதர் செய்த ஓர் உத்தியோகத்தின் பெயர். கணக்குகளைப் போட்டுத் தருவதற்கென்று அமர்த்தப்பட்டவர்களை அவ்வாறு அழைத்தனர். நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 1831-ஆம் ஆண்டு இந்திய நில அளவைத் துறையில் வங்காள இளைஞர் ராதாநாத் சிக்தார் சேர்ந்த பணிக்குப் பெயர் கம்ப்யூட்டர் என்பதே. பதினைந்தாம் சிகரம் என்று எண்ணிட்டுக் குறிக்கப்பட்டிருந்த இமயமலை முடி ஒன்று, உலகின் மிக உயர்ந்த சிகரம் என்பதைக் கணக்கிட்டுக் கண்டவர் அவர். அச்சிகரத்தின் உயரம் 29,002 அடி என 1856-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு வைக்கப்பட்டதோ எவரெஸ்ட் என்ற வெள்ளையரின் பெயர். கணக்கிட்ட மூளைக்கு உரியவரைப் பலரும் அறியார்.

பின்னர் எந்திரம் வந்தது. 1946-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்னும் கணிப்பொறி அறிமுகமானது. ஏறத்தாழ 30 டன் எடை. சற்றொப்ப 18,000 வெற்றிடக் குழல்கள். 1,50,000 வாட் மின்சாரம். அதனைக் கண்ட செய்தித்தாள்கள் மாபெரும் மூளை என்று எழுதின. மனிதர் செய்த தொழிலின் பெயரை எந்திரம் எடுத்துக்கொண்டது; மனித உறுப்பின் பெயரையும் கூடவே பெற்றது.

இன்னொரு பெயர் மாற்றம் இதனினும் கருதத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கணிப்பொறிக்கு முதன்முதலாக வடிவம் வகுத்த ஆங்கிலேயர் சார்லஸ் பாபேஜ், எண்களை இட்டு வைக்கும் பகுதியைக் களஞ்சியம் என்ற பொருளிலும், அவற்றைக் கொண்டு கணக்குச் செய்யும் பகுதியை ஆலை என்ற பொருளிலும் பெயரிட்டிருந்தார். நெல்லைக் கொட்டி வைக்கும் இடம், அரைத்தெடுக்கும் இடம் என்பது போன்ற நேரிய பெயர்கள் அவை. 1945-இல் ஜான் வான் நியூமன் தம் அறிக்கையில் அந்தக் களஞ்சியத்தை நினைவு என்று குறித்தார். எந்திரத்தின் பகுதிகளை உறுப்புகள் என்றும் நியூரான்களுக்கு ஒப்பானவை என்றும் எழுதினார். அன்று தொட்டுக் களஞ்சியம் நினைவாயிற்று. தமிழில் நாம் அதனை நினைவகம் என்கிறோம். மறைந்த தலைவர்களுக்கு எழுப்பும் மண்டபத்திற்கும் அதே பெயர்தான். பொருளை மாறாமல் காத்து வைக்கும் இடம் என்ற வகையில் இரண்டிற்கும் பொருத்தம் உண்டு. ஆயின் மனித நினைவு அத்தகைய மண்டபந்தானா?

மெய்யும் உருவும்

வடிவத்தை முதலில் காண்போம். மனித மூளையின் எடை ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோகிராம். உடலின் எடையில் நூற்றில் இரண்டு பங்கே. ஆனால் உடல் ஓய்ந்திருக்கும்போது செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதனை மின்சாரமாகக் கணக்கிட்டால் சுமார் 20 வாட். திண்ணையில் மங்கலாக எரியும் ஒரு சிறு குண்டு விளக்கின் செலவு அது.

மூளையிலுள்ள நியூரான்கள் பத்தாயிரம் கோடி என்று நெடுங்காலம் பாடநூல்களில் எழுதி வந்தனர். பிரேசில் நாட்டு அறிவியலார் சுசானா ஹெர்குலானோ ஹௌசலும் அவர்தம் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் அதனை எண்ணிப் பார்த்து, சற்றொப்ப 8,600 கோடி என்றனர். இவற்றுள் பல, தனித்தனியே ஆயிரக்கணக்கான பிற நியூரான்களோடு இணைப்புக் கொண்டவை.

இப்பின்னலை எந்திரத்தால் நடித்துக்காட்ட முடியுமா? 2013-இல் ஜப்பானியரும் ஜெர்மானியரும் இணைந்து அதனை முயன்று பார்த்தனர். ஜப்பானின் கோபே நகரில் இருந்த கே என்னும் மீத்திறன் கணிப்பொறியின் 82,944 செயலிகளை ஒருசேர ஓட்டினர். 173 கோடி நியூரான்கள் கொண்ட ஒரு பின்னலைக் கணக்கில் அமைத்தனர். அது மூளையிலுள்ள நியூரான்களில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்பின்னலில் ஒரே ஒரு நொடி நிகழ்வதைக் கணக்கிட்டு முடிக்க அந்த எந்திரத்திற்கு 40 நிமிடம் ஆயிற்று. அதன் மின்செலவு ஒரு கோடி வாட்டுக்கும் மேல். நம் தலைக்குள் 20 வாட்டில், பேருந்தில் தூங்கி வழியும்போதுகூட நிகழ்ந்துகொண்டிருப்பதன் அருமை இப்போது புலனாகும்.

வினையில் யார் வல்லவர்?

இதனைக் கொண்டு எந்திரத்தைத் தாழ்த்திப் பேசுவது நேர்மையாகாது. ஒரு நியூரான் மிக விரைந்து இயங்கினாலும் நொடிக்குச் சில நூறு துடிப்புகளே துடிக்கும். மேசை மீதுள்ள சாதாரணக் கணிப்பொறியின் செயலியோ நொடிக்குச் சில நூறு கோடி முறை துடிக்கிறது. 1997 மே மாதம் டீப் புளூ என்னும் எந்திரம் சதுரங்க உலக வாகையர் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்ற புள்ளிக் கணக்கில் வென்றது. நொடிக்கு 20 கோடி நிலைகளை ஆராயும் வல்லமை அதற்கு இருந்தது. காஸ்பரோவ் ஆராய்ந்தவை மிகச் சிலவே. தோற்றவர் அவர்தாம் என்றாலும், அவ்வளவு சிலவற்றை மட்டும் நோக்கி அத்தனை நெருங்கி வர முடிந்ததே, அது எவ்வாறு என்பதே என் வியப்பு. பயனற்ற வழிகளை எண்ணிப் பாராமலே ஒதுக்கிவிடும் திறம் அது.

தமிழுலகில் இத்திறத்தின் கொடுமுடியைக் கண்டவர்கள் அவதானிகள். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ஆம் ஆண்டு சென்னையில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டினார். பலர் பல திசையினின்று கேட்கும் இலக்கண வினாவுக்கு விடை, ஈற்றடி கொடுத்தால் வெண்பா, முதுகில் விழும் கற்களின் எண்ணிக்கை, ஒலிக்கும் மணியின் எண்ணிக்கை, நடுவே சதுரங்க ஆட்டம் என்று கவனத்தைப் பகுத்து, இறுதியில் எல்லாவற்றையும் பிழையின்றித் தொகுத்துச் சொல்வது அவதானக் கலை. ஒற்றைச் செயலி கொண்ட கணிப்பொறியும் பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்வதாகத் தோன்றும். உண்மையில் அது நேரத்தை நுண்ணிய கூறுகளாக்கி, ஒவ்வொரு வேலையையும் மாற்றி மாற்றித் தொடுகிறது. அவதானியும் அவ்வாறே மாற்றி மாற்றித் தொடுகிறார் எனலாம். இவ்வளவில் வினையுவமம் பொருந்துகிறது. ஆனால் எந்திரம் விட்ட இடத்தைக் களஞ்சியத்தில் எழுதி வைத்துவிட்டுப் போகிறது. அவதானிக்கு எழுதி வைக்க ஏடு ஏது? யாப்பும் ஓசையும் எதுகையுமே அவருக்குக் கைப்பிடிகள்.

நினைவு களஞ்சியமன்று

உவமை வழுக்குமிடம் இதுவே. களஞ்சியத்தில் இட்ட பொருள், எடுக்கும்வரை இட்டபடியே இருக்க வேண்டும். மனித நினைவு அவ்வாறு இருப்பதில்லை. கேம்பிரிட்ஜ் உளவியலார் பார்ட்லெட், வட அமெரிக்கப் பழங்குடியினர் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்து, நாள் இடைவிட்டுத் திரும்பச் சொல்லச் செய்தார். 1932-இல் வெளிவந்த அவர் நூல் அதன் விளைவைக் கூறுகிறது. சொன்னவர்கள் தங்களுக்குப் புரியாதவற்றை விட்டனர். அயலானவற்றைத் தங்கள் ஊர் வழக்கத்திற்கு மாற்றினர். அறுந்த இடங்களில் காரணங்களைச் சேர்த்து ஒட்டினர். நினைத்தல் என்பது எடுத்துத் தருவதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது என்பதை அவர் காட்டினார்.

நினைவு ஒன்றன்று, பல என்பதையும் பின்னர் அறிந்தனர். அமெரிக்கரான ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோயைத் தணிக்க 1953-இல் மூளையில் அறுவை செய்து, ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியையும் அதனைச் சூழ்ந்தவற்றையும் பெரும்பாலும் அகற்றினர். அதன்பின் 2008-இல் இறக்கும்வரை புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. சற்று முன் பேசியவரைச் சற்றுப் பின் அறியார். அவரிடம் உளவியலார் பிரெண்டா மில்னர் கண்ணாடியில் மட்டும் பார்த்து விண்மீன் வடிவம் ஒன்றைக் கோடிழுக்கும் பயிற்சியைத் தந்தார். நாளுக்கு நாள் அவர் கை தேர்ந்தது. முன்பு வரைந்த நினைவோ அவருக்கு அறவே இல்லை. அவர் அறியாததை அவர் கை அறிந்திருந்தது.

வாய்பாட்டின் வழியே

இவற்றையெல்லாம் நான் தேடிப் படிக்க நேர்ந்தது என் தந்தையாரால். அவர் ஒரு மளிகை மண்டியில் நாற்பதாண்டுகள் கணக்கராக இருந்தவர். ஒரு பக்க நீளத்திற்கு எழுதிய தொகைகளை விரலால் மேலிருந்து கீழே தடவியபடியே கூட்டி முடிப்பார். மாகாணி, வீசம் எல்லாம் அவர் நாவில் இருந்தன. மண்டிக்குக் கால்குலேட்டர் வந்தபோது, அது சரியாகக் கணக்கிடுகிறதா என்று மனக்கணக்கால் சோதித்து, "பரவாயில்லை, நல்லாத்தான் போடுது" என்று சான்று வழங்கியவர்.

அறுபத்தெட்டாம் வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் தளர்ந்தன. பேச்சு அடியோடு நின்றது. 1861-இல் பாரிஸ் மருத்துவர் ப்ரோக்கா, பல்லாண்டுகளாக ஒரே ஓர் அசையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்து, இடப்புற முன்பகுதி சிதைந்திருந்ததைக் கண்டார். என் தந்தையாருக்கு அடைப்பு நேர்ந்ததும் அவ்விடத்தை ஒட்டியே. நாங்கள் சொல்வது அவருக்குப் புரிந்தது. தண்ணீர் என்று கேட்க வாய் திறப்பார், சொல் வராது, கண் கலங்கும்.

பார்க்க வந்த உறவினர் ஒருவர், படித்தவர், என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "கம்ப்யூட்டர்ல எல்லாம் அழிஞ்சு போச்சுன்னா என்ன செய்யமுடியும்? அது மாதிரிதாம்ப்பா. இனிமே அவரைப் பேச வைக்கணும்னு படுத்தாதீங்க." அன்பினால் சொன்ன சொல்தான். ஆயினும் அந்த ஓர் உவமை எங்கள் வீட்டின் மீது கனமாக இறங்கியது. அழிந்துவிட்டது என்று நம்பிவிட்டால் அடுத்துச் செய்வதற்கு எதுவும் இல்லை. பேச்சுக் கொடுப்பது குறையும். அவரை அருகில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பிறரிடம் பேசத் தொடங்குவோம். சில நாள்கள் அவ்வாறே பேசினோம்.

என் தாயார் ஏட்டுப் படிப்பு மிகுதியும் இல்லாதவர். அவருக்குக் கணிப்பொறி உவமை விளங்கவில்லை. அதனால் அதற்கு அவர் கட்டுப்படவும் இல்லை. ஒரு மாலை அரிசி புடைத்துக்கொண்டே அவர் பேரப்பிள்ளைக்கு வாய்பாடு சொல்லிக் கொடுத்தார். "ஈரெட்டு" என்று தாயார் நிறுத்த, சிறுவன் தயங்க, கட்டிலிலிருந்து "பதினாறு" என்று ஒரு குரல் வந்தது. தெளிவான குரல். தாயார் முறத்தைக் கீழே வைக்காமலே, "மூவெட்டு" என்றார். "இருபத்திநாலு" என்றார் தந்தையார்.

பேச்சுப் பயிற்சியாளரிடம் இதைச் சொன்னேன். அவர் வியக்கவில்லை. பழகிய வரிசைகள், பாட்டு, எண்கள், கிழமைகள் ஆகியன, தாமாகப் பேசும் பேச்சு இழந்தவர்களிடத்தும் பலவேளை எஞ்சி நிற்கும் என்றார். பாடும் திறத்திற்கு மூளையின் வலப்புறமும் பெரிதும் துணை நிற்பதால், இசையோடு சொல்லைச் சேர்த்துப் பேச்சை மீட்கும் முறை ஒன்றினை 1973-இலேயே அமெரிக்காவில் வகுத்துள்ளனர் என்றும் விளக்கினார். வாய்பாட்டை விட்டுவிடாதீர்கள், அந்த வழியாகவே உள்ளே போங்கள் என்றார்.

அவ்வாறே சென்றோம். வாய்பாட்டின் இராகத்தில் தண்ணீரும் சோறும் வந்து சேர்ந்தன. எங்கள் பெயர்கள் வந்த முறையை நான் மறக்கவே மாட்டேன். நாங்கள் நால்வர், நான் மூன்றாமவன். என் பெயரை நேராகச் சொல்ல அவருக்கு இறுதிவரை இயலவில்லை. மூத்தவர் பெயரில் தொடங்கி, வரிசையாகச் சொல்லி வந்து, என் பெயரில் நிறுத்தி என்னைப் பார்ப்பார். கணிப்பொறியின் நினைவகத்தில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு முகவரி உண்டு. முகவரியைக் கொடுத்தால் எந்திரம் நேரே அவ்வீட்டு வாசலில் போய் நிற்கும். முகவரி அழிந்தால் வீடும் இல்லை. தந்தையார் முகவரியை இழந்திருந்தார். ஆனால் தெருமுனை தெரிந்திருந்தது. முனையிலிருந்து வீடு வீடாக எண்ணி நடந்து என்னிடம் வந்து சேர்ந்தார். அவ்வாறு அவர் மேலும் நான்காண்டுகள் எங்களோடு பேசி வாழ்ந்தார். இழந்த சொற்கள் எல்லாம் திரும்பவில்லை, போதுமானவை திரும்பின.

எந்திரமும் நடந்து பழகுகிறது

மூளை களஞ்சியம் போன்றதன்று, காட்டு வழி போன்றது என்பதே நான் கண்டது. நடக்க நடக்கத் தடம் பதியும். நடவாத தடத்தில் புல் மூடும். ஒரு தடம் மண் சரிந்து மறைந்தால், எல்லாருக்கும் எப்போதும் இல்லையெனினும், சிலவேளை சுற்றுவழி ஒன்று உண்டாகும். லண்டன் வாடகைக்கார் ஓட்டுநர்களை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, நகரின் தெருக்களை மனத்தில் ஏற்றிய அவர்தம் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பிறருடையதைவிடப் பெரிதாக இருந்தது என்றது. நடந்த வழி, நடந்தவரின் மூளையிலேயே பதிந்திருக்கிறது.

கணிப்பொறி அறிஞர்களும் இவ்வுண்மையைக் கண்டுகொண்டனர் என்பதைச் சொல்லாவிடில் இக்கட்டுரை முழுமை பெறாது. மெக்கல்லாக், பிட்ஸ் என்னும் இருவர் 1943-இலேயே நியூரானைக் கணிதமாக எழுதிக் காட்டினர். அவ்வழியில் வளர்ந்த செயற்கை நியூரான் பின்னல்கள், விதிகளை மனப்பாடம் செய்வதில்லை. எடுத்துக்காட்டுகள் பலவற்றைக் கண்டு, இணைப்புகளின் வலிமையைச் சிறிது சிறிதாகத் திருத்திப் பழகுகின்றன. 2016-இல் கோ விளையாட்டின் பெருவீரர் லீ செடோலை வென்ற எந்திரம் இவ்வகையது. இன்று தமிழில் கேட்டால் தமிழிலேயே விடை கூறும் எந்திரங்களும் இவ்வகையினவே. இத்துறைக்கு அடித்தளம் இட்ட ஹாப்ஃபீல்ட், ஹிண்டன் ஆகிய இருவர்க்கும் 2024-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மூளை கணிப்பொறியைப் போன்றது என்று நாம் சொல்லிக்கொண்டிருக்க, கணிப்பொறி மூளையைப் போல ஆக முயன்று முன்னேறுகிறது. எது பொருள், எது உவமை என்பதே மயங்கும் காலம் இது.

பயன்

நான்கனுள் எஞ்சியது பயன். உவமையின் பயன் தெளிவு. அறியாததை அறிந்ததைக் கொண்டு விளக்குவதே அதன் வேலை. வேகத்தையும் கணக்கையும் குறித்துப் பேசும்போது மூளைக்குக் கணிப்பொறி நல்ல உவமையே. அதனால் விளைந்த அறிவு பெரிது. ஆனால் மனிதரின் நினைவைக் குறித்துப் பேசும்போது அதனைக் கையாள்பவர் ஒரு கணம் நிதானிக்க வேண்டும். ஏனெனில் உவமை விளக்குவதோடு நில்லாது, நாம் என்ன செய்வது என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. பழுதான எந்திரத்தை மூலையில் வைப்போம். வழி தவறியவரையோ கைப்பிடித்து நடத்துவோம்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீடுகளிலும் மறதியுற்ற பாட்டியர் இருக்கலாம். சொல் தடுமாறும் தாத்தாக்கள் இருக்கலாம். ஒரே கதையை அவர்கள் பத்தாம் முறை சொல்லும்போது, முன்பே கேட்டாயிற்று என்று எழுந்து போகாதீர்கள். அது பழுதான பதிவு மீண்டும் ஓடுவதன்று. இன்னும் மூடாதிருக்கும் ஒரு தடத்தில் அவர்கள் நடந்து பார்க்கிறார்கள். அருகில் அமர்ந்து, தெரிந்த பாட்டின் முதலடியை எடுத்துக் கொடுங்கள். அடுத்த அடிக்குக் காத்திருங்கள். எந்திரம் நொடிப்பொழுதில் விடை தரும். மனிதருக்குச் சற்று நேரம் வேண்டும். அந்த நேரத்தை அவர்களுக்குக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது.